கீமோவுக்குத் துணை நிற்கும் கணவருக்கும் மனைவிக்கும்: 21 நாள் கணக்கு

புற்றுநோய்க்குத் தரும் கீமோ மருந்து உடம்பில் ஏறுவது சில மணி நேரம்தான். அதற்குப் பிறகு வரும் 20 நாளும் நோயாளி இருப்பது வீட்டில். வாந்தி, காய்ச்சல், வாய்ப்புண் எல்லாம் வருவது அந்த நாட்களில். அப்போது பக்கத்தில் டாக்டர் இருக்க மாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் மனைவிக்கோ கணவருக்கோ புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர்களுக்காக, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதியிருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் அச்சாணி ஒன்று உண்டு. இன்று எத்தனையாவது நாள் என்பது எப்போது கேட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருந்து ஏறிய நாள் 1. பலருக்கு 21 நாள் ஒரு சுற்று, சிலருக்கு 14 நாள், சிலருக்கு வாராவாரம். உங்களுடையது எது என்று முதல் தடவையே கேட்டு, சுவரில் தொங்கும் காலண்டரில் 1, 2, 3 என்று பேனாவால் எண் போட்டுவிடுங்கள். எந்த நாளில் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பது அந்த எண்ணிலிருந்துதான் தெரியும்.

தொடங்கும் முன்

ஒரு ஃபைல், ஒரு 80 பக்க நோட்டு, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு எடை மெஷின். இந்த நான்கும் முதல் சுற்றுக்கு முன்பே வீட்டில் இருக்கட்டும்.

ஃபைலில் மேலே பயாப்ஸி ரிப்போர்ட். அடுத்து ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ரத்தப் பரிசோதனை. அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், 3 நகல் எடுத்து வையுங்கள். பயாப்ஸி பிளாக்கும் (மெழுகில் பதித்த சதைத் துண்டு) ஸ்லைடும் (அதைச் சீவி வைத்த கண்ணாடித் தகடு) எந்த லேபில் இருக்கின்றன என்று எழுதி வைப்பது முக்கியம். வேறு மருத்துவமனைக்குப் போனால் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள், அதற்காக ஒரு வாரம் அலைவது சாதாரணமாக நடக்கிறது. எல்லாத் தாளையும் போனில் படம் பிடித்து, மகனுக்கோ மகளுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம்: நாள் எண், காலை மாலை காய்ச்சல் அளவு, சாப்பிட்டது, குடித்த தண்ணீர், வாந்தி எத்தனை தடவை, வெளிக்குப் போனது, கொடுத்த மாத்திரை. எடை வாரம் ஒரு தடவை போதும், ஒரே நேரத்தில், காலையில் சாப்பிடும் முன்.

முதல் மருந்துக்கு முன் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இனிமேல் குழந்தை வேண்டும் என்று நினைக்கும் வயதுக்காரர்கள், விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிக்க வாய்ப்பு உண்டா என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். மருந்து ஏறிய பிறகு கேட்டால் வாய்ப்பு குறைந்துவிடும். சிகிச்சை முடியும்வரை கரு தரிக்கக் கூடாது. ஆணுறையை எத்தனை நாள், எப்படி என்பதையும் அதே மூச்சில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நோயாளியிடம் நோயின் பேரைச் சொல்லாமல் மறைப்பது நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. "கட்டிக்கு மருந்து" என்று சொல்லியே கூட்டிப்போகிறார்கள். வேண்டாம். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் பேச்சிலேயே அது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு உங்கள் வார்த்தையில் அவருக்கு நம்பிக்கை போய்விடும். காய்ச்சல் அடிக்கிறது என்று உங்களிடம் அவர் உடனே சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்கு அந்த நம்பிக்கை வேண்டும்.

அட்டை, பணம், பயணம்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். தென்காசி மாவட்டத்துக்காரர்கள் அவர்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் நோயாளியின் பேரும் ஆதாரில் உள்ள பேரும் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனிஷியல் மாறினாலே அனுமதி தள்ளிப்போகும். எந்த மருத்துவமனையில் அட்டை செல்லும், உங்களுக்கு எழுதிய மருந்து அதில் அடங்குமா என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்து மாநிலத்துக்குப் போவதானால் கட்டாயம் கேட்க வேண்டும்.

முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கத்தில் பீடி சுற்றும் குடும்பமாக இருந்தால், தொழிலாளர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பீடித் தொழிலாளர் நல மருந்தகத்துக்குப் போங்கள். புற்றுநோய்ச் செலவைத் திருப்பித் தரும் திட்டம் தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்தவருக்கும் உண்டு. சிகிச்சை தொடங்கும் முன்பே போய், எந்தப் படிவம், எந்த பில் என்று கேளுங்கள். பாதியில் போனால் பழைய பில்லுக்கு வழி இல்லாமல் போகலாம். பீடி சுற்றும் வேலையைச் சிகிச்சை முடியும்வரை நோயாளி படுக்கும் அறையிலிருந்து வெளியே மாற்றுங்கள். புகையிலைத் தூசியும் நெடியும் குமட்டலைக் கிளப்பும், இருமலைக் கூட்டும்.

நம் பக்கத்து ஆட்கள் போவது பெரும்பாலும் மூன்று திசையில்: பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். திருவனந்தபுரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர், சென்னை ஒரு ராத்திரிப் பயணம். பெரிய இடத்தில் திட்டத்தை எழுதி வாங்கிக்கொண்டு, ஊசியைப் பக்கத்திலேயே போட முடியுமா என்று அங்கிருக்கும் டாக்டரிடமே கேளுங்கள். பல மருந்துகளுக்கு முடியும். 9-ம் நாள் ராத்திரி காய்ச்சல் வந்தால் ஓட வேண்டியது பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான், அங்கே ஏற்கெனவே ஃபைல் இருந்தால் பாதி நேரம் மிச்சம்.

ரயிலில் போவதானால், ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குக் கட்டணம் முழுதும் தள்ளுபடி, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். அதற்கு மருத்துவமனை தரும் ரயில்வே படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். முன்பதிவு கவுண்டரில் அதைக் காட்டித்தான் எடுக்க வேண்டும். கீழ் பர்த் கேளுங்கள், ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டி வரும்.

மருந்து ஏறும் நாள்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரண்டு இட்லி, கொஞ்சம் சட்னி போதும். கைப்பையில் ஒரு போர்வை, ஒரு துண்டு, வாந்திக்குக் கனமான பாலிதீன் பை இரண்டு, குடிநீர், ஃபைல், நோட்டு. கை மடிப்பு தளர்வான சட்டை அல்லது ரவிக்கை.

டிரிப்ஸ் ஓடும்போது உங்கள் வேலை கையைக் கவனிப்பது. ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், வீக்கம், சிவப்பு தெரிந்தால் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள். சில மருந்துகள் நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். "கொஞ்சம் எரியத்தான் செய்யும்" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மூச்சு முட்டினாலும், நெஞ்சு இறுகினாலும், உடம்பெல்லாம் அரித்தாலும் அதே போலத்தான்.

மருந்தின் பேரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்ஸோரூபிசின் சிவப்பு மருந்து. ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் அல்ல. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறியவர் சில நாட்களுக்குக் குளிர்ந்த தண்ணீரைக் குடிக்கவோ தொடவோ கூடாது. ஃபிரிட்ஜுக்குள் கை விட்டாலே விரல் மின்சாரம் அடித்ததுபோல் சுரீரென்னும், தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். சைக்ளோபாஸ்பமைடு என்றால் தண்ணீர் நிறையக் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும்.

முதல் 3 நாள்

48 மணி நேரம்வரை சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்து வெளியேறும். கழிப்பறையில் வழக்கமாக ஊற்றுவதைவிட இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றுங்கள். அழுக்குத் துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தத் துணியைத் தொட வேண்டாம். அதற்காகத் தட்டைப் பிரிப்பதோ, திண்ணையில் படுக்க வைப்பதோ, பேரப்பிள்ளையைக் கிட்ட விடாமல் தடுப்பதோ தேவையில்லை. புற்றுநோய் ஒட்டாது.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. எழுதிய நேரத்துக்கு, குமட்டல் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். வந்த பிறகு அடக்குவது கடினம். ஆன்டன்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலச்சிக்கலைத் தரும். 2 நாள் வெளிக்குப் போகாவிட்டால் டாக்டர் சொன்ன மலமிளக்கியைத் தொடங்குங்கள். எனிமா மட்டும் வீட்டில் கொடுக்கவே கூடாது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு எழுதியிருந்தால் தூக்கம் வராது, சர்க்கரை ஏறும். அதைக் காலை நேரத்திலேயே முடித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். சர்க்கரைக்காரருக்கு அந்த நாட்களில் கருப்பட்டிக் காப்பியும் வேண்டாம், பார்க்க வருகிறவர் கொண்டுவரும் அல்வாவும் வேண்டாம்.

சிலருக்கு, கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து, வெள்ளை அணுவைக் கூட்டும் ஊசி போடச் சொல்லியிருப்பார்கள். அது 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய மருந்து. பாளையங்கோட்டையில் வாங்கித் திசையன்விளைக்குப் பஸ்ஸில் கொண்டுபோவதானால், தெர்மாஸில் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி வைத்து, ஊசி ஐஸில் நேரே படாமல் வையுங்கள். உறைந்தால் வீண். வீட்டில் ஃபிரீசருக்குக் கீழே ஒட்டியும் வேண்டாம், கதவிலும் வேண்டாம், நடுத்தட்டில் இருக்கட்டும். ஊசிக்குப் பிறகு இடுப்பும் முதுகும் வலிக்கும், அது எலும்பு மஜ்ஜை வேலை செய்வதால்.

7 முதல் 14 வரை

இந்த நாட்களில்தான் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. ரத்தத்தில் வெள்ளை அணு மிகக் கீழே இறங்கும் காலம் இது. சாதாரணக் கிருமி சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். வெளியே தெரியும் ஒரே அடையாளம் பல நேரம் காய்ச்சல்தான்.

வாயில் வைத்துப் பார்த்து 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் கிளம்புங்கள். அக்குளில் வைத்தால் ஏறத்தாழ ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்துக் காட்டும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். சூடாக எதையும் குடித்த அரை மணி நேரத்துக்குள் வாயில் பார்க்க வேண்டாம். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது நம் ஊர் வெயிலில் ஒன்றுக்கும் உதவாது. காய்ச்சல் இல்லாமல் உடம்பு தூக்கிப்போடும் குளிர் நடுக்கம் வந்தாலும், பேச்சு தடுமாறினாலும் அதே அவசரம்தான்.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, ஒரு பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் படுக்க வைப்பது. காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது. அடுத்த அளவு எடுக்கும்போது எல்லாம் சரி என்று தோன்றும், விடிவதற்குள் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். இரண்டாவது, தெரு முனை கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வருவது. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுவும் குறைந்திருக்கும் நேரத்தில் சதை ஊசியால் ரத்தம் கட்டும், அதோடு இந்தக் காய்ச்சலுக்கு வேண்டியது நரம்பு வழி ஆன்டிபயாடிக். அதைப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

ஆகவே 6-ம் நாளே இதை முடிவு செய்து வையுங்கள்: ராத்திரி 2 மணிக்கு எந்த ஆஸ்பத்திரி, யார் வண்டி, யார் வீட்டில் இருப்பது. தெரிந்த ஆட்டோக்காரர் இரண்டு பேர் நம்பர் சுவரில் இருக்கட்டும், இல்லாவிட்டால் 108. ஃபைலும் மாற்றுத் துணியும் உள்ள பை கதவோரம் இருக்கட்டும். கேஷுவால்ட்டியில் நுழைந்ததும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "கேன்சர் நோயாளி, கீமோ போட்டு 9 நாள் ஆகுது, காய்ச்சல் 101." வெறும் காய்ச்சல் என்று சொன்னால் வரிசையில் உட்காரச் சொல்வார்கள்.

இந்த ஒரு வாரம் கோயில் கொடை, கல்யாண வீடு, ஆனித் தேரோட்டம் எதற்கும் கூட்டிப்போக வேண்டாம். குற்றால சீசன் என்றாலும் அருவிக் குளியல் கூடாது. மருந்து ஏற்றுவதற்காகக் கையில் பிக் லைன் என்ற குழாயோ, நெஞ்சுத் தோலுக்கடியில் போர்ட்டோ பொருத்தியவர் ஆற்றில் முங்கிக் குளிப்பதைப் பற்றி டாக்டரைக் கேட்காமல் நினைக்கவே வேண்டாம். பிக் லைன் கட்டு வாரம் ஒரு தடவை மாற்றப்பட வேண்டும், அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது.

வாய்ப்புண்ணும் இதே நாட்களில்தான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஸ்பூன் உப்பு, கால் ஸ்பூன் சமையல் சோடா. சாப்பிட்ட பின்னும் படுக்கும் முன்னும் கொப்பளித்துத் துப்ப வேண்டும், நாளுக்கு 5 தடவையாவது. புண் வருவதற்கு முன்பே, 3-ம் நாளிலிருந்தே தொடங்குங்கள். குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ் வாங்குங்கள். வேப்பங்குச்சி, கரித்தூள் பல்பொடி வேண்டாம். வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் (பெரிய பாக்கெட்டுக்குச் சரியாக 1 லிட்டர்) முழுதாகக் கலக்க வேண்டும், அரை டம்ளரில் அரை பாக்கெட் கலக்கக் கூடாது.

சாப்பாடு

தாளிக்கும் வாடையே குமட்டும். நோயாளி முன்னறையில் இருந்தால் சமையல் பின்கட்டில் நடக்கட்டும், மீன் பொரிப்பதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். ஆறிய உணவில் வாடை குறைவு. மூன்று வேளை நிறையத் தருவதைவிட 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம். எவர்சில்வர் தட்டில் இரும்பு ருசி அடிக்கிறது என்று சொன்னால் வாழை இலையில் போடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே செய்கிற பண்டங்களே போதும். உளுந்தங்கஞ்சியில் பருப்பின் சத்தும் இருக்கிறது, தொண்டையிலும் இறங்கும். இடியாப்பமும் சொதியும் வாய்ப்புண் உள்ளவருக்கு ரொம்பப் பொருத்தம்: பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், காரம் குறைவு. பச்சை மிளகாயையும் எலுமிச்சையையும் மட்டும் விட்டுவிடுங்கள். முதல் பாலை இறக்கும்போது ஊற்றிக் கொதிக்க விடாமல் எடுப்பதால் அது சீக்கிரம் கெடும். மத்தியானச் சொதியை ராத்திரி தராதீர்கள். ஒரு முழு முட்டையில் 6 கிராம் புரதம். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேக வைத்து நாளுக்கு இரண்டு தரலாம். 7 முதல் 14-ம் நாள்வரை பழைய சோறு, தெருவோரம் நறுக்கி வைத்த பழம், வேக வைக்காத காய்கறி வேண்டாம். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலை நாளுக்கு இரண்டு தடவை காலி செய்கிறாரா என்று பாருங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர் சொல்வார்.

சாப்பிடவில்லை என்று அழுவதோ திட்டுவதோ பலன் தராது. சாப்பாட்டு நேரம் சண்டை நேரமாகிவிட்டால் அடுத்த வேளையும் போகும். தட்டை எடுத்துவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து வேறு ஒன்றைக் கொடுங்கள். ஆனால் எடை ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், 60 கிலோ ஆள் 57-க்கு வந்தால், அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நாட்டு மருந்தும் வலி மாத்திரையும்

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது; சித்த மருந்து நம் பக்கத்தில் வீட்டு வழக்கம். அதைக் குறை சொல்ல இங்கே இடமில்லை. ஆனால் கீமோ மருந்தைக் கல்லீரலும் சிறுநீரகமும்தான் கழித்து வெளியேற்றுகின்றன. அதே நேரத்தில் சூரணமோ பற்பமோ கஷாயமோ உள்ளே போனால் மருந்து உடம்பில் கூடவோ குறையவோ செய்யலாம். எது கொடுத்தாலும் இரண்டு டாக்டருக்கும் தெரிய வேண்டும். ரகசியமாகக் கொடுத்துவிட்டு ஈரல் பரிசோதனை கெட்டுப்போனால், தவறு கீமோவுடையது என்று நினைத்து நல்ல மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

மார்ஃபின் மாத்திரை எழுதினால் பயப்படாதீர்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுப்பதால் பொதுவாக அடிமையாக மாட்டார், கடைசிக் காலம் என்று அதற்கு அர்த்தமும் இல்லை. நேரம் தவறாமல் கொடுங்கள், மலமிளக்கியைக் கூடவே கொடுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

கரண்ட் வைக்கும் நாட்கள்

கரண்ட் என்று நாம் சொல்லும் ரேடியேஷனைப் பெரும்பாலும் வாரத்தில் 5 நாள், பல வாரம் வைப்பார்கள். பக்கத்தில் தங்க இடம் பார்ப்பதுதான் நல்லது. தோலில் போட்ட மைக்கோட்டை அழிக்காதீர்கள். அந்த இடத்தில் எண்ணெய், மஞ்சள், பவுடர், சோப்பு தேய்க்க வேண்டாம், பருத்தித் துணி மட்டும். புண் அதிகமாவது கடைசி வாரத்திலும் முடிந்த பிறகு இரண்டு வாரத்திலும்தான். முடிந்துவிட்டது என்று அசந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து வைக்கும் கரண்டால் அவர் உடம்பில் கதிர் தங்காது, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

எம்ஆர்ஐ ஸ்கேனுக்குப் போகும் முன் தாலி, மெட்டி, மூக்குத்தி எல்லாம் கழற்றச் சொல்வார்கள். அங்கே போய்த் திடீரென்று கேட்டால் பெண்கள் உடைந்துபோகிறார்கள். முதல் நாளே வீட்டில் மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கட்டி மாற்றிக்கொண்டு போங்கள்.

பார்க்க வருகிறவர்கள்

வாசலில் நிற்பது உங்கள் வேலை. சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர், அம்மை வந்த வீட்டிலிருந்து வருகிறவர் உள்ளே வரக் கூடாது. மற்றவர் கை கழுவி, பத்து நிமிஷம். "அவிய இப்பத்தான் கண்ணசந்திருக்காவ மதினி, பொறவு நானே போன் போடுதேன்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "நான் என்ன செய்யணும்" என்று கேட்கிறவருக்குக் குறிப்பாக ஒரு வேலை கொடுங்கள்: ரேஷன் வாங்குவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, செவ்வாய்க்கிழமை ராத்திரி துணைக்குப் படுப்பது. அந்த ஒரு ராத்திரி நீங்கள் உறங்க வேண்டும். உங்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரையையும் அதே நோட்டில் எழுதுங்கள். சிகிச்சை நடுவில் விழுந்துவிடுவது பல வீடுகளில் துணைக்கு இருப்பவர்தான்.

21-ம் நாள்

அடுத்த சுற்றுக்கு முந்திய நாள் உள்ளூர் லேபில் சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), ஈரல் பரிசோதனை எடுத்து, ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்பிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் அம்பாசமுத்திரத்திலிருந்து விடியற்காலை வந்து, "அணு குறைவு, அடுத்த வாரம் வாங்க" என்று திரும்ப வேண்டி வரும். நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: மொத்த வெள்ளை அணுவை, அதில் ஒரு வகையான நியூட்ரோஃபிலின் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுங்கள். 3,000 அணுவில் 40 சதவீதம் என்றால் 1,200. பொதுவாக 1,500-க்கும் குறைந்தால், பிளேட்லெட் 1 லட்சத்துக்கும் குறைந்தால் தள்ளிப்போட யோசிப்பார்கள். ஒரு வாரம் தள்ளுவதால் சிகிச்சை வீணாகாது.

ராத்திரி நோட்டைப் புரட்டி, டாக்டரிடம் சொல்ல வேண்டிய மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள், நாள் எண்ணோடு: 2-ம் நாள் வாந்தி 6 தடவை; 8-ம் நாள் வாய்ப்புண், அதனால் 4 நாள் கஞ்சி மட்டும்; 12-ம் நாளிலிருந்து விரல் நுனி மரத்திருக்கிறது, சட்டைப் பட்டன் போட முடியவில்லை. இப்படிச் சொன்னால் அவர் மருந்தின் அளவையோ வாந்தி மாத்திரையையோ மாற்ற முடியும். காலண்டரில் நாளைய தாளில் மறுபடி 1 என்று எழுதி வையுங்கள்.